நாற்பத்திரண்டு ஸ்பிரிங்ளருக்கும் நான் அடித்த வெள்ளை

தலைமை நாற்காலிக்கே தகுதி தந்து வீற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் காதில் என் பேச்சுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே, சாயாதீர்கள், அந்தச் சுவர் என் கைவண்ணம்! அனைவருக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பை ஆசைதீர இரண்டு முறை படித்த பெயிண்டர் நான். இந்த நூலகத் திறப்பு விழா பத்து நாள் தள்ளிப்போனதே, யாரால்? மழையாலா? மந்திரியாலா? இல்லை ஐயா, என்னால்! தள்ளிவைத்தவர் யார்? தீத்தடுப்புச் சோதனைக்கு வந்த பொறியாளர், நான் பெற்ற மகள்!

அண்ணாந்து பாருங்கள். கூரையில் நாற்பத்திரண்டு ஸ்பிரிங்ளர். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கண்ணாடிக் குமிழ். நெருப்பின் சூடு பட்டால் குமிழ் உடையும், தண்ணீர் பாயும். என் கண்ணுக்கோ அது வெள்ளைக் கூரையில் முளைத்த பரு! காகிதம் சுற்றி மூடாமல், அத்தனைக்கும் வெள்ளை அடித்துவிட்டேன்.

ஏணியேறிப் பார்த்த மகள் இறங்கி வந்தாள். "என்னப்பா, இதுங்க கண்ணையே கட்டிட்டீங்களே! இனிமே சூடு ஒழுங்கா உறைக்காது."

"தொடைச்சுடறேன்மா."

"தொடைச்சாலும் நம்ப முடியாது. எல்லாத்தையும் மாத்தணும்."

எனக்குப் புரியட்டும் என்று குடும்பத்தையே குழாயாக்கிப் பாடம் நடத்தினாள். எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும் ஈரக்குழாய், இந்த அரங்கில் இருப்பது, அவள் அம்மா. சூடுபட்ட இடத்தில் உடனே கொட்டும்! தண்ணீர் உறைந்துபோகும் குளிர்க்கிடங்குக்கு உலர்குழாய். "உள்ள வெறும் காத்துதான். அது போன பிறகுதான் தண்ணி வரும். அது நீங்கப்பா!" பழைய ஏடுகள் உள்ள பக்கத்து அறையில் இருப்பது மாப்பிள்ளை மாதிரி, இரண்டு சாட்சி கேட்கும். புகை தெரிந்தால் குழாய்க்குத் தண்ணீர் வரும், குமிழும் உடைந்தால்தான் வெளியே வரும். எண்ணெய்க் கிடங்குகளில் எல்லா வாயும் திறந்தே இருக்கும். ஆபத்தென்றால் அத்தனையும் ஒரேயடியாய்க் கொட்டும். அது யார்? என் அக்கா! சிரிக்காதீர்கள், மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போக வேண்டியவன் நான்!

சிரித்தேன். ஆனாலும் மானம் கெஞ்சியது. "ஊரே சிரிக்கும்மா. அப்பாவுக்காக ஒரே ஒரு கையெழுத்து."

மகள் கோபிக்கவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினாள். "விழாவுல அம்மா எந்த நாற்காலியில உக்காருவாங்கன்னு சொல்லுங்க. அதுக்கு மேல இருக்கறதை மட்டும் மாத்திட்டுக் கையெழுத்துப் போடறேன்."

நாற்காலிகளைப் பார்த்தேன். முதல் வரிசையா? நடுவிலா? கதவோரமா? எதைக் காட்டுவேன்? காட்டாத நாற்காலியில் அமர்பவள் யாருக்கும் தாய் இல்லையா? யாருக்கும் மகள் இல்லையா? சுவருக்கு நிறம் பார்த்துப் பழகிய கண், அன்றுதான் ஐயா ஆளைப் பார்த்தது!

"எல்லாத்தையும் மாத்தும்மா" என்றேன். அத்தனையையும் மாற்றி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

நேற்று மாலை கையெழுத்துப் போட்டாள். பொறுத்த உங்களுக்கும், பொறுக்காத என் மகளுக்கும் நன்றி.

அதோ, அவள் அம்மா வழக்கம்போலத் தாமதமாக வருகிறாள். ஏம்மா, இடம் தேடாதே! எங்க வேணும்னாலும் உக்காரு!

வணக்கம்.