மொரிஸ் மைனரின் பெற்றோல் முள்

— இல்ல மேபல் அன்ட்டி, இந்தப் பெற்றோல் மீட்டர்ல ஒரு பிழையும் இல்ல.

— என்ன ஹாஷிம் சொல்றீங்க? என் வீட்டுக்காரரக் கொன்ன மீட்டரு! கழட்டி வீசத்தானே ஒங்களக் கூப்புட்டேன்?

— வயரக் கழட்டினா முள்ளு ஒரு பக்கம் போகுது, கார்ட பொடி இரும்புல தொட்டா மத்தப் பக்கம் வருது. டேங்க்குள்ள மிதவையும் நல்லம். இப்ப அஞ்சு லீட்டர் ஊத்தினேன், அஞ்சு லீட்டர்தான் காட்டுது.

— இடையில யாராச்சும் திருத்தியிருப்பாங்க, ஹாஷிம் நானா.

— யாரு திருத்துற, றொட்னி? ஆணியெல்லாம் துருப்புடிச்சி இரிக்கி. மொரிஸ் மைனர் மஹய்யாவைக்கு வந்த நாள்ல இருந்தே ஒருத்தரும் கை வெக்கல்ல.

— டேய் றொட்னி, என் மூஞ்சியப் பாரு. அப்பா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு பின் சீட்ல கெடந்தாரு. பேராதனை ரோட்டுல கார் நின்னு போச்சி. அந்தத் தட்டுப்பாட்டுல மூணு நாள் கியூவுல நின்னு அடிச்ச பெற்றோல் எங்கடான்னு கேட்டேன். என்ன சொன்ன?

— விடுங்கம்மா.

— "முள்ளு பாதி காட்டுச்சி, மீட்டர் ஏமாத்திருச்சி"ன்ன. நாலு வருசமா இந்தக் காரத் திட்டித் தீக்குறேன். ஐயோ மாதாவே! பெற்றோல வித்துட்டியாடா?

— சத்தியமா விக்கலம்மா!

— அப்ப எங்க போச்சி?

— நானா, பொனட்ட மூடுங்க. வேல முடிஞ்சிச்சி.

— பொறுங்க, பொறுங்க. ஒங்கட அப்பா யாகப்பர் அங்கிள் மவுத்தானது... எங்கட மகன் ஹுதைபா பொறந்த அண்டைக்கி.

— நானா, வாய மூடுங்க.

— "வீட்ல இன்னொரு கேன் பெற்றோல் இருக்கு, யோசிக்காம எடுத்துட்டுப் போங்க"ண்டு சொன்னீங்களே றொட்னி! செத்த வீட்லயும் மீட்டர் பிழைண்டுதானே எனக்குச் சொன்ன? நானும் நம்பினேனே, யா அல்லாஹ்!

— றம்லத் அக்கா பிரசவ வலியில கத்துனாங்க. வேற என்னத்தச் சொல்ல? மத்தியானம் அப்பாவுக்கு அப்படி ஆகும்னு காலையில எனக்குத் தெரியுமா?

— ஹாஷிம், இவன் என்ன ஒளர்றான்?

— அன்ட்டி... இன்னும் பத்து நிமிசம் பிந்தியிருந்தா தாயுமில்ல, புள்ளையுமில்லண்டு டொக்டர் சொன்ன. அண்டைக்கி என்ட பொஞ்சாதி றம்லத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, இந்த டேங்க்ல டியூபப் போட்டு றொட்னி எனக்கு உறிஞ்சித் தந்த பெற்றோல்ல.