ஃபார்மட் மட்டும் பண்ணிடாதீங்க

இல்லண்ணா, ஃபார்மட் மட்டும் வேண்டாம். கடைக்குள்ள கால் வெச்சதுல இருந்து இதையேதான் சொல்லிட்டு இருக்கேன். நீங்களும் தலையைத் தலையை ஆட்டிட்டு, சுத்தமா அழிச்சுப் புதுசா போட்டா பறக்கும்மாங்கிறீங்க. பறக்க வேண்டாம்ணா. நொண்டிக்கிட்டே கிடக்கட்டும். உள்ள எது எது எப்படி இருக்கோ அது அது அப்படியே இருக்கணும். லாகின் ஒண்ணுகூட போகக் கூடாது.

ஆமா, லேப்டாப் டிஸ்க்கை நானேதான் மாத்தினேன். சிரிக்காதீங்க. வீடியோல அந்த ஆள் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு கையைத் தட்டிக்கிட்டுப் போயிட்டார். எனக்கு மூணு நாள். பதினொரு ஸ்க்ரூ. அதுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் நீளம்னு அவர் சொல்லவே இல்ல. மாத்திப் போட்டுட்டேன் போல, என்டர் பக்கத்துல ஒரு மேடு தெரியுது பாருங்க. தடவினா கட்டி மாதிரி தட்டுப்படும்.

பழைய டிஸ்க் பையில பத்திரமா இருக்கு. அதை அப்படியே புதுசுக்கு காப்பி எடுக்கணும்னாங்க. எடுத்தேன். முதல் தடவை எழுபத்திரெண்டு சதவீதத்துல நின்னுடுச்சு. ரெண்டாவது தடவை நல்லாத்தான் போச்சு, எங்கம்மா மிக்ஸி போடறதுக்காக பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. இதுக்கு பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆச்சு. மூணாவது தடவை ஏழு மணி நேரம். பாத்ரூம் போனாக்கூட கதவை லேசா திறந்து வெச்சுட்டுப் போனேன். நூறு சதவீதம்னு காட்டினதும் கும்பிடவே போயிட்டேன். திறந்து பாத்தா, மொத்தம் இருநூத்து முப்பத்தேழு ஜிபி, இடமில்லைன்னு அதே சிவப்புக் கோடு! வாங்கினது ஒரு டெராபைட்ணா. நாலு ரூம் வீட்டுக்குக் குடி போயும் எல்லாரும் பழைய ஒத்தை ரூம் அளவுலயே ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. எரிச்சல் வருமா வராதா?

முதல்ல எங்க தெருமுனைக் கடைக்குத்தான் போனேன். அவர் என்னைப் பாக்கவே இல்ல. என் தோளுக்குப் பின்னால யாரையோ தேடறார். வீட்டுல அப்பா இருந்தா அனுப்பும்மாங்கிறார். அப்பாவுக்குத் தெரியாம செய்யணும்னுதானே நானே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கினேன்.

ஐயோ, இல்ல இல்ல, நீங்க நினைக்கிற மாதிரி எதுவும் இல்ல. அப்பாவும் கெட்டவர் இல்ல. லிஃப்ட் பராமரிப்புல சூப்பர்வைசர். கயிறு தேஞ்சா மாத்து, யோசிச்சுட்டு நிக்காதேங்கிற ஆள். இதைப் பாக்கும்போதெல்லாம் தூக்கிப் போடுடி, புதுசு வாங்கித் தரேன்கிறார். யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா? நான் சொல்றேன். எதுக்குன்னு அவர்கிட்ட சொல்ல முடியல.

உள்ள என்னவா? படம்தான். முப்பத்தோராயிரம் படம். அழிக்கலாமேன்னு சொல்லாதீங்க, பிளீஸ். அந்த ஃபோல்டர் ஒரு போனோட சேந்தது. அந்தப் போன்ல எடுக்கிறதெல்லாம் தானா இதுல வந்து விழும். இங்க அழிச்சா அங்கயும் அழியும். வேற இடத்துக்கு மாத்தினாலும் அதே கதைதான். வெளியேறிட்டா பாஸ்வேர்ட் கேக்கும். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. பிரவுசர்ல போய்ப் பாத்தேனே, அங்கயும் முதல் கேள்வி அதான். அதனாலதான் ஃபார்மட் வேண்டாம், வேண்டாம்னு உங்க உயிரை எடுக்கிறேன்.

யாரோட போனா? சொல்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க, இடம் ஏன் விரியல?

ஓ. நடுவுல சின்னதா ஒரு பகுதி குறுக்க நிக்குதா? இந்தத் தம்மாத்துண்டா? இதைக் கடைசிக்குத் தள்ளினா இடம் விரிஞ்சுக்குமா? அடப்பாவி. இதுக்கா நான் மூணு நாள் சோறு இறங்காம உக்காந்திருந்தேன். எதுவும் அழியாதே? நிஜமா? சரி, அழுத்துங்க. இருங்க, பிளக் ஆடுதா பாருங்க. ம். இப்ப அழுத்துங்க.

நாலு சதவீதம். இனிமே இதை முறைச்சுட்டு உக்காரணும். எனக்குப் பழக்கம்தான்.

எங்க அக்கா போன்ணா. இந்த லேப்டாப்பே அவளோடதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சூட்கேஸோட போனா, இதை விட்டுட்டுப் போயிட்டா. அவளுக்குப் பிடிச்சவரைக் கட்டிக்கிட்டா. நம்பரையும் மாத்திட்டா. எந்த ஊர்னுகூடத் தெரியாது. நான் வீட்டுல வாயே திறக்க மாட்டேன், இப்படிப் பேசறேனேன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஒரே ஒரு தடவைதான் திறந்தேன். அவங்க விஷயத்தை அப்பாகிட்ட சொன்னது நான்தான்.

இதுல படம் வந்துட்டு இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒரே அழுத்துல துண்டிச்சுடுவா. மூணு வேளையும் நான் பாப்பேன். அவங்க வீட்டு சிங்க்ல ஒழுகிற குழாய், பால்கனில காயற சட்டை, காஸ் பில். அம்மாவும் பாப்பாங்க. அப்பா ஆபீஸ் போனதும் கையைத் துடைச்சுட்டு வந்து உக்காருவாங்க. அந்தச் சட்டையில பட்டன் இல்லடி, தெச்சுக் குடுக்க மாட்டாளாம்பாங்க.

நாப்பது. பரவால்ல, வேகமாத்தான் போகுது.

இடம் தீந்து பதினாறு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல. கடைசியா வந்தது ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. பிரசவத்துக்குச் சேர வேண்டிய தேதியும், ரத்தம் குடுக்க ஆள் தயாரா இருக்கணும்னும் எழுதியிருந்துச்சு. தேதிக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தாங்க. அந்தத் தேதி போய்ப் பன்னெண்டு நாள் ஆகுது. அம்மாகிட்ட சீட்டைக் காட்டல. டிஸ்க் நிரம்பிடுச்சும்மான்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்.

முடிஞ்சுதா? எவ்வளவு காட்டுது? தொள்ளாயிரத்துச் சொச்சமா? தேங்க்ஸ்ணா. உங்க கடை வைஃபையைக் கொஞ்சம் போட்டு விடுங்க. இல்ல, ஸ்க்ரீனை என் பக்கம் திருப்ப வேண்டாம். நீங்களே பாருங்க. குழந்தை படம் இருந்தா இருக்கட்டும், அதை அவ வீட்டுக்காரரும் எடுத்திருக்கலாம். அக்கா எடுத்தா எப்பவும் கேமரா ஓரத்துல விரலை வெச்சு மறைச்சுடுவா, எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டா. அந்தச் சீட்டுல இருந்த தேதிக்கு அப்புறம் எடுத்த படம் எதுலயாவது ஓரத்துல அப்படி மங்கலா, சிவப்பா தெரியுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணா.