கோடு போட்டுத் திருத்திய கைகளுக்கு

சிலையும் செப்பேடுமே சரித்திரம் என்று சிந்தை சுருங்கிக் கிடந்த எங்களுக்கு, சீப்பும் சிம்னி விளக்கும் சில்லறைப் பையும் அதே சரித்திரத்தின் சொந்தப் பிள்ளைகள் என்று காட்டிய காப்பாட்சியர் அம்மையீர்! ஊரின் பழம்பொருளுக்கெல்லாம் உறவினரே, உண்மைக்கு மட்டும் ஊழியரே, மேலதிகாரியாக இருந்தும் ஒருநாளும் மேலே நின்று பேசாதவரே, வணக்கம்.

முப்பத்தோராண்டுக்கு முன் தாங்கள் பொறுப்பேற்றபோது, நம் அருங்காட்சியகத்தின் நகர வரலாற்றுப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் கதவு சாத்தாத ஒரு கண்ணாடி அலமாரி. இன்று அது ஆறாயிரத்து நானூறு பொருள்கள் நிறைந்த கூடம். தையற்காரரின் அளவு நாடா, பேருந்து நடத்துநரின் விசில், மூடிப்போன அச்சகத்தின் எழுத்துப் பெட்டி என்று யாரும் கேட்காதவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். "வீட்ல மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வைக்கவே பயமா இருக்கு. நம்பர் போட்டு எடுத்துட்டுப் போயிடுவா" என்று தங்கள் கணவர் எங்களிடம் சொல்வார். அதில் பாதிதான் வேடிக்கை.

இத்தனையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் கைநழுவ இருந்தது. இக்கூடம் இருக்கட்டுமா, உணவகமாகட்டுமா என்று முடிவுசெய்ய வல்லுநர் குழு பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. கூடத்தின் நடுநாயகம், நகரின் முதல் பள்ளிக்கூடத்து வெண்கல மணி. அழைப்பிதழிலும் அதன் படமே. காலை ஒன்பதுக்கு, தங்கையோடு சுற்றிப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு வண்டி ஓட்டுநர் அதன் முன் நின்றார். "இது எங்க வண்டியில இருந்த மணிங்க. இந்த நசுங்கல் நான் வாசல் கம்பத்துல இடிச்சப்போ விழுந்தது" என்றார். தாங்கள் கிடங்கிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தைத் தேடி எடுத்தீர்கள். வண்டியின் முகப்பில் அதே மணி, அதே நசுங்கல்.

"ரெண்டு மணி நேரம்தானே மேடம், அவங்க போனதும் மாத்திக்கலாம்" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினோம். கெஞ்சியவர்களின் கையெழுத்துகளே இம்மடலின் அடியிலும் இருக்கின்றன.

"இவர் சொல்ற வரைக்கும் அது தப்பு. இனிமே வெச்சா பொய்" என்றீர்கள். குழுவின் கண்முன்னே, தங்கள் கையால் எழுதிய விவரச் சீட்டைக் கிழிக்காமல், நடுவே ஒரே ஒரு கோடு இழுத்து, கீழே சரியானதையும் சொன்னவர் யாரென்பதையும் எழுதினீர்கள். குழுத் தலைவர் சீட்டைப் படித்துவிட்டு, "இன்னும் எத்தனை தப்பு இருக்கு?" என்றார்.

"தெரியலைங்க. தெரிஞ்சவங்க வரணும்னுதான் கதவைத் திறந்து வெச்சிருக்கோம்."

கூடம் பிழைத்தது. மறுவாரமே அந்த ஓட்டுநர் தம் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து ஒரு தெருவே வந்தது. பிழை சொல்ல வந்தவர்கள் பொருள் தந்துவிட்டுப் போனார்கள். இன்றிருப்பதில் பாதி அப்படிச் சேர்ந்தது என்பதை நினைத்தால் எங்களுக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

பணி ஓய்வு விழா மடலை இத்துடன் வாழ்த்தி முடிப்பதே முறை. ஆனால் தாங்கள் இல்லாத கூடம் நாளை முதல் பொய் சொல்லாமல் நிற்குமா என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. தங்களுக்கும் உண்டென்று அறிவோம். ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சென்ற வாரம், தாங்கள் விடுப்பிலிருந்தபோது, தெருவிளக்குப் பணியாளரின் மகள் வந்தார். தாங்கள் முதன்முதலாகச் சேர்த்தது, பதிவேட்டில் முதல் எண் பெற்றது, அவர் தந்தையின் ஏணி. "அது அப்பாவோடது இல்லீங்க. சினிமா போஸ்டர் ஒட்டுறவர்கிட்ட இரவல் வாங்கினது. திருப்பிக் கொடுக்கவே இல்ல" என்று சிரித்தார். சுண்ணாம்புக் கறை என்று தாங்கள் எழுதியிருந்த இடத்தை ஈரப் பஞ்சால் தொட்டுப் பார்த்தோம். பசை.

விழா முடியட்டும் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. இன்று காலை, ஏணியின் சீட்டில் தங்கள் கையெழுத்தின் நடுவே ஒரே ஒரு கோடு இழுத்துச் சரியானதை எழுதிவிட்டோம். அளவுகோல் வைக்காமல்தான் இழுத்தோம்.

உடல்நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், உற்றார் சூழ நெடுங்காலம் வாழுங்கள். வீட்டுக்குப் புறப்படும் முன் ஒருமுறை கூடத்துக்கு வாருங்கள், அம்மையீர். கோடு நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

தங்களிடம் வேலை பழகிய,
நகர வரலாற்றுப் பிரிவுப் பணியாளர்கள்