மாதா படத்துக்குக் கேட்ட கண்ணீர்

ஏய், அந்த மெழுகுவர்த்தியை இப்படித் தள்ளி வை. நாளைக்குப் பெரிய வெள்ளி, விடியற வரைக்கும் கோயில்ல கண்ணு முழிக்கணும். தூங்கி வழியறதுக்குப் பதிலா இதைக் கேளுங்க. என் கூட்டாளி அனியெல்லோ இருக்கான்ல, அவன் சித்தப்பா ஓனோஃப்ரியோவுக்கு நடந்தது. படம் வரையற மனுஷன்.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். நேப்பிள்ஸ் துறைமுகத்துக்குப் பின்னாடி படிக்கட்டுச் சந்து... ஒரு ஈ காக்கா இல்ல. ஓனோஃப்ரியோ கையில விளக்கோட ஓட்டமும் நடையுமா போறாரு. காலையில சொன்ன ஒரு பொய்யை, பொய்தான்னு போய்ச் சொல்லணும்.

என்ன பொய்யா? சொல்றேன், பறக்காதே. நம்ம ஓவியருங்க மாதா படத்துக்குத் தெருவுல போற பொம்பளையைத்தானே உக்கார வெப்பாங்க? இவரு மீன்காரி கார்மோசினாவை உக்கார வெச்சாரு. மடியில செத்த இயேசு. மாதா அழணும். வெங்காயம் உரிச்சுக் குடுத்துப் பாத்தாரு. தண்ணி வந்துச்சு, துக்கம் வரல. அவளுக்கு ஒரே புள்ள, மினிக்கோ. பவளம் எடுக்கப் படகுல போயிருந்தான். இந்த மனுஷன் சட்டுன்னு, "படகு பாறையில மோதிடுச்சாம், ஒருத்தர் மிச்சமில்லையாம்"னு சொல்லிட்டாரு.

அவ அலறின அலறல் இருக்கே... அழுதுக்கிட்டே வெளிய ஓடினா. பின்னாடியே ஓடி, "பொய்யி தாயி"ன்னு சொல்லியிருக்கணுமா இல்லையா? முகம் மறந்துடும்னு தூரிகையைக் கீழ வெக்கல, பாவி! வெளிச்சம் போனப்புறம்தான் உறைச்சுது.

சந்துல பாதி தூரம். பின்னாடி சத்தம். பளக்... பளக்... ஈரக்காலு கல்லுல படற சத்தம். கடல்பாசி நாத்தம் குப்புனு அடிக்குது. திரும்பிப் பாக்கத் தைரியம் வரல. ஓடினாரு.

கார்மோசினா வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு. உள்ள அவ சிரிச்சுக்கிட்டே மொச்சை சூப்பு ஊத்திட்டிருந்தா.

"பாவி மனுஷா! என் வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டினியே! இதோ பாரு எம்புள்ளைய, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான்!"

மினிக்கோவேதான். தலையிலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி. ஓனோஃப்ரியோவுக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு. அவ கால்ல விழாத குறையா அழுதாரு. "சரி சரி, சாப்பிட்டுப் போ"ன்னு அவ ரொட்டி எடுக்க உள்ள போனா.

சூப்பு அப்படியே இருந்துச்சு. பையன் மெதுவா சொன்னான்.

"ஐயா, எங்கம்மா அழுத சத்தத்தை வெச்சுத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது. மத்தவங்க வெளிய நிக்கிறாங்க... அவங்க வீட்ல இன்னும் யாரும் அழல."

பளக்... வாசல்ல.

கார்மோசினாகிட்ட அவரு இதை எப்படிச் சொல்லுவாரு? ரொட்டியில பூண்டை உரசி மகனுக்கு ஊட்டப் போறா. இவரு வெளிய வந்து, விடியறதுக்குள்ள அந்தப் படகுல போனவங்க வீட்டுக் கதவை ஒவ்வொண்ணா தட்டினாரு.

தட்டின வாசப்படி ஒவ்வொண்ணும் அவரு வர்றதுக்கு முன்னாடியே நனைஞ்சிருந்துச்சாம்.