மந்தையின் தரம்

இந்த வருஷம் பனி சரியான நேரத்தில் விழுந்தது. வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள் மாலையே தரை வெளுத்துவிட்டது. தடம் பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும். காபியும் நன்றாகவே இருக்கிறது, ஷெரிஃப். டேப் ஓடட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஹெர்பை வீட்டுக்கு அனுப்புங்கள். என் மச்சான் டெல்மர் செத்துக் கிடந்த இடத்துக்குப் பக்கத்து மேட்டில் உட்கார்ந்திருந்ததுதான் அந்தக் கிழவர் செய்த குற்றம். தன் குண்டுதான் பட்டது என்று நம்பி, அன்றிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாட்டுக் கொட்டகைக்கு உள்ளே நின்று சுட்டாலும் சுவரில் படாது. பத்திரிகையில் 'வேட்டை விபத்து' என்று போட்டிருந்தார்கள். முறைப்படி யோசித்து, முறைப்படி விண்ணப்பித்துச் செய்த ஒரு காரியத்தை விபத்து என்றால் எந்த அதிகாரிக்குப் பொறுக்கும்? அதற்காகத்தான் நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வனவிலங்குத் துறையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். எந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்மான், எத்தனை பெண்மான் சுடலாம் என்று கணக்குப் போட்டு வேட்டைச் சீட்டு ஒதுக்குவது. மானைக் கொல்லத்தான் சீட்டு என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். இல்லை, மந்தையைக் காப்பாற்றத்தான். காடு எத்தனை வாய்க்குத் தீனி போடும் என்று பார்க்க வேண்டும். பல் தேய்ந்தது, குட்டி இல்லாதது, தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாதது, இவற்றைக் கழித்தால் மற்றவை தழைக்கும். கொம்பு ஒரு பக்கம் நாலு கிளை விடாத இளம் ஆணைத் தொடாமல் விட வேண்டும். விட்டால்தான் வளரும். இதை நான் பள்ளிக்கூடத்தில், தேவாலயத்தில், மதுக்கடையில், எங்கே நாலு பேர் கிடைத்தாலும் சொல்லியிருக்கிறேன்.

டெல்மர் கேட்க மாட்டான். அந்தக் கொம்பு விதி பொருந்தாத, ஒரே ஒரு மானுக்கான சீட்டாகப் பார்த்து வாங்குவான். முதல் நாள் காலையிலேயே கண்ணில் பட்ட குட்டிக் கொம்பனைச் சாய்த்துவிட்டு, எங்கள் வேட்டைக் கேம்புக்கு வந்து சானா அறையில் வெந்நீராவியில் படுத்துக்கொள்வான். சட்டப்படி எல்லாம் சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

"ஏன்டா, இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா ராஜா மாதிரி வந்திருக்குமேடா," என்று ஒருமுறை பொறுக்காமல் கேட்டேன்.

"வந்து? கொம்ப வேக வச்சுத் திங்கவா போறோம்? சின்னதுதான் அத்தான் வாயில கரையும்," என்றான். "நீங்க முதல்ல ஒண்ணச் சுடுங்க. அப்புறம் உக்காந்து தரம் பாப்போம்."

கேம்பில் நாங்கள் நாலு பேர். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குறி தவறினவனுடைய சட்டையின் பின்வாலை வெட்டிச் சுவரில் ஆணி அடிப்பது எல்லாக் கேம்பிலும் உள்ள வழக்கம். எங்கள் கேம்புச் சுவரில் தொங்குவது முழுக்க என் சட்டைகள். கத்தரிக்கோல் எப்போதும் டெல்மர் கையில்தான். போன வருஷம் வெட்டும்போது, "அத்தான், இன்னும் ஒண்ணு கெடச்சா ஜன்னலுக்குத் திரையே தச்சிடலாம்," என்றான். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. நீங்கள் கேம்பைச் சோதனை போட்டபோது பார்த்திருப்பீர்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க யோசித்தேன். மானுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்றால் அது என்ன மேலாண்மை? கேம்பும் ஒரு மந்தைதான். அதற்கும் இவ்வளவுதான் தீனி. என் மனைவி எல்சி, இறைச்சியும் கிழங்கும் அடைத்துப் பாஸ்டி சுட்டு அனுப்புவாள். தன் தம்பி டெல்மருக்கு அனுப்புவது எனக்கு அனுப்புவதைவிடப் பெரியது. தராசில் வைத்தே பார்த்துவிட்டேன். தொத்திறைச்சியில் பாதியையும் அவனே முடித்துவிடுவான்.

விவசாயியின் பயிரை மான் மேய்ந்தால், அதைச் சுட்டுக்கொள்ள நாங்கள் சேத அனுமதி என்று ஒன்று கொடுப்போம். மந்தைக்குச் சேதம் என்ற பிரிவில் நான் அதற்கு விண்ணப்பித்தேன். விண்ணப்பித்தவனும் நான், பரிசீலித்தவனும் நான். அதற்காகச் சலுகை எதுவும் காட்டவில்லை. முதல் முறை ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தேன், தள்ளுபடி செய்தேன். எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. ஆனாலும் விதி விதிதானே. இரண்டாம் முறை ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன், மற்ற எல்லோரையும் போலக் காத்திருந்தேன், அனுமதி வந்தது. ஓர் ஆண், முதிர்ந்தது, எங்கள் வட்டாரத்துக்குள், வேட்டைப் பருவம் முடிவதற்குள்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் நான் சொல்லித் தருவது ஒன்றுதான். எதைச் சுடுகிறோம் என்று நிச்சயமாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்காதே. டெல்மர் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தான், ஆரஞ்சுத் தொப்பியும் வைத்திருந்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஓடைப்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். ஒரே குண்டு. தவறவில்லை. அதை யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு நிமிஷம் மனசு கஷ்டப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

சுட்டது விழுந்ததும் உடனே அதன் மேல் சீட்டைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். கட்டினேன், இடது பூட்ஸின் நாடாவில். உங்கள் ஆட்கள் அதைக் கடைக்காரன் மாட்டிய விலைச்சீட்டு என்று நினைத்துக் கத்தரித்துப் போட்டிருக்கிறார்கள். அதில் தேதி, நேரம், என் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. குப்பையிலிருந்து எடுத்துப் பாருங்கள். சீட்டில்லாமல் நான் இன்றுவரை வேட்டையாடியது கிடையாது.

எல்சி அழுகிறாள். டெல்மரின் நாலு பிள்ளைகளும், பிள்ளையில்லாத எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார்கள். கடைக்குட்டி என் மடியிலேயே தூங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஒன்றைக் கழித்தால் மந்தை அந்தக் குளிர்காலம் கொஞ்சம் துவண்டுதான் இருக்கும். வசந்தத்தில் நிமிர்ந்துவிடும், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? சரி, நீங்கள் இப்போது கேட்டது டேப்பில் சரியாக விழுந்திருக்காது, ரொம்ப மெதுவாகக் கேட்டீர்கள். நானே திருப்பிச் சொல்கிறேன். "ஆர்வோ, டெல்மருக்கு நாப்பத்தோரு வயசு. நாலு பிள்ளைங்க. வருஷம் தவறாம மான் கொண்டாந்தான். பல்லு தேஞ்சது, குட்டி இல்லாதது, தின்னுட்டுச் சும்மா இருக்கிறதுன்னு நீங்க சொன்னீங்களே, அந்தக் கேம்ப்ல அதுக்குப் பொருத்தமா இருந்தது யாரு?" என்று கேட்டீர்கள்.

நியாயமான கேள்விதான், ஷெரிஃப். துறையில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். சீட்டுக் கொடுக்கிறவனை மந்தையில் சேர்த்து எண்ணுவதில்லை.