கிளச் மிதிக்கிற கால்

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில், என் பின் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் தன் பழைய டீசல் பிக்கப்பை விற்கப் பார்க்கிறார். பக்கத்தில் இருந்தவர் வாங்குகிற யோசனையில் துருவிக்கொண்டே வந்தார்.

"இருபத்து மூணு வருசம் ஆச்சு. ஒரு நாளும் என்னை ரோட்டுல விட்டதில்ல லா."

"எஞ்சின் ஓகேவா அண்ணே?"

"ஐயாயிரம் கிலோமீட்டர் ஆனா எண்ணெய் மாத்திடுவேன். தவறினதே இல்ல. கிளினிக்குல வரச்சொன்ன அன்னிக்குகூட வொர்க்‌ஷாப்புக்குத்தான் போனேன்."

"எதுக்கு கிளினிக்?"

"இனிப்பு நீர் வியாதி. எத்தனையோ தடவை வரச்சொன்னாங்க. அடுத்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்னு விட்டுட்டேன்."

"கிளச் எப்படி?"

"புதுசு மாதிரி இருக்கும். மிதிக்கிற காலைத்தான் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க."



"ஆட்டோ கியர் வண்டி வாங்கிக்கலாமே அண்ணே. அதுக்கு ஒரு கால் போதும்."

"வாங்கலாம். அதையும் நல்லாதான் பாத்துக்குவேன்."