முதல் ஆள்

— உள்ள போகாதக்கா. கொஞ்சம் இரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— பாத்துட்டு வந்து பேசிக்கலாம்டா. சாமான் வாங்கிட்டு வந்து நிக்கிறேன், கீழ்வீட்டு டிராயிங் மாஸ்டர் குளியலறையில விழுந்துட்டாருன்னு வாட்ச்மேன் சொல்றாரு. பையைக்கூட மேல வைக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருக்கேன். வழி விடு.

— சத்தியமா கேக்குறேன்க்கா, உக்காரு. இப்படி நாற்காலியில உக்காரு. நின்னுக்கிட்டு கேக்குற விஷயம் இல்ல.

— ஏண்டா பயமுறுத்துற? உயிருக்கு ஒண்ணும் இல்லையே?

— இல்ல. இடுப்பு எலும்பு உடைஞ்சிருக்கு, நாளைக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது வேற. மாஸ்டர் கழுத்துல நம்ம பொத்தான் இருந்துச்சு.

— நம்ம பொத்தானா? ஆபத்துன்னா அழுத்தி ஆளைக் கூப்பிடுற பொத்தானா? அது என் இழுப்பறையில இல்ல இருக்கு?

— ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணை நான் எடுத்துட்டேன். மாஸ்டருக்குக் குடுத்தேன், உனக்குத் தெரியாம.

— என்னது?

— கத்தாதக்கா. நர்ஸ் பாக்குறாங்க.

— பாக்கட்டும். எத்தனை தடவ தலைபாடா அடிச்சுக்கிட்டிருப்பேன் உன்கிட்ட? ஆகலடா, இன்னும் ஆகலடான்னு. மூடி சரியில்ல, தண்ணி உள்ள இறங்குது, கயிறு கழுத்தை அறுக்குதுன்னு. சொன்னேனா இல்லையா?

— சொன்ன.

— அப்புறம் எப்படிடா மனசு வந்துச்சு? வயசானவர்டா. ஏதோ விளையாட்டு சாமான் மாதிரி எடுத்துக் கழுத்துல மாட்டிட்டு வந்திருக்க.

— தப்புதான்க்கா. ஆனா என் பக்கமும் கொஞ்சம் கேளு. நாம ஆரம்பிச்சப்ப என்ன பேசிக்கிட்டோம்? நீ செய்வ, நான் ஆள் பிடிப்பேன். நீ என்னடான்னா ஒவ்வொரு வாரமும் அதைக் கழட்டிப் போட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து மாட்டுற. ஒரு வாரம் மூடி. ஒரு வாரம் கயிறு. ஒரு வாரம் அந்தப் பச்சை விளக்கு கண்ணைக் கூசுதுன்னு. நான் படி ஏறி இறங்கி, "வருது சார், அடுத்த மாசம் வந்துடும்"னு சொல்லிச் சொல்லி, போன மாசம் பாத்த ஆளுங்க முகத்துல இந்த மாசம் முழிக்க முடியல.

— அதுக்கு?

— ஒரே ஒரு ஆள் போட்டுக்கிட்டு நடமாடினாப் போதும்னு நெனச்சேன். எங்க இடிக்குது, எங்க உறுத்துதுன்னு அவர் வாயால கேட்டுட்டு வந்து உன்கிட்ட சொல்லலாம்னு. நல்லா ஓடிச்சுன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன். திட்டுவ, ஆனா சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்.

— சந்தோஷம்! வந்திருக்கியே, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு.

— மாஸ்டர்தான் வாய்விட்டுக் கேட்டாருக்கா. "உங்க அக்கா மாடியில என்னமோ தட்டிக்கிட்டே இருக்காளே, அதை ஒருநாள் எங்கிட்ட குடுங்களேன். எங்க வீட்டம்மா என்னைத் தனியா விட்டுட்டுக் கடைக்குப் போகவே பயப்படுறா"ன்னு. எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. ஒரு வருஷத்துல தானா வந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். மாட்டிவிட்டப்ப கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்கிட்டாரு. "மெடல் வாங்கின மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சாரு. அந்த அம்மாவும் இன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் தைரியமா தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிப் போயிருக்காங்க. நம்ம பொத்தானை நம்பி.

— அழுத்தினாரா?

— அழுத்தியிருக்காரு. வேலை செய்யல.

— உன் போனுக்கு வரலையா?

— வரல. நீதானே அப்படி வெச்சிருக்க? முதல்ல நம்ம மேசை மேல இருக்கிற போன்ல அடிக்கும், அங்க யாரும் எடுக்கலன்னாதான் எனக்கு வரும். எனக்கு வரவே இல்ல. மேசைப் போன்லயும் அடிச்சிருக்காது. அடிச்சிருந்தா நீ நாலு படி இறங்கி ஓடியிருப்பியே.

— எப்ப விழுந்தாராம்?

— காலையில. அந்த அம்மா அப்படி வாசலைத் தாண்டினதும் இவர் குளிக்கப் போயிருக்காரு. அவங்க திரும்பி வந்து பாக்குற வரைக்கும் ஈரத் தரையிலதான் கிடந்திருக்காரு. நான் அந்த நேரம் முதியோர் இல்லத்து மேனேஜர் எதிர்ல உக்காந்து, "அழுத்தினா அடுத்த நிமிஷம் ஆள் வந்து நிக்கும் சார்"னு அளந்துகிட்டு இருக்கேன். இப்ப நெனச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

— காலையிலயா.

— ஆமா. நீ அப்ப வீட்டுலதானே இருந்த?

— வீட்டுலதான். மூடி விளிம்பைத் தேச்சிட்டிருந்தேன். கையில குத்துதேன்னு.

— பாத்தியா, நீ அதை ஒழுங்கு பண்ணிட்டிருக்கிற நேரத்துல, கீழ நான் குடுத்த அரைகுறை சாமானைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன் கிடந்திருக்காரு. நீ சொன்னது நூத்துக்கு நூறு சரிக்கா. இனிமே நீ சரின்னு சொல்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். அஞ்சு வருஷம் ஆனாலும் சரி.

— அப்படியெல்லாம் சொல்லாதடா.

— ஏன்க்கா ஒரு மாதிரி ஆயிட்ட? திட்டு. நீ திட்டினாத்தான் எனக்கு ஆறும்.

— அந்த மேசைப் போன் தானாவே அடிக்கும்டா. சோதனை பண்றப்ப. கம்பி சூடானா அடிக்கும், கை பட்டா அடிக்கும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடிச்சு உயிரை வாங்கும்.

— தெரியுமே. அதுக்கு இப்ப என்ன?

— ஒண்ணும் இல்ல.

— மாஸ்டரம்மா வராங்க. எழுந்திரு. ஐயோ, அவங்க மூஞ்சியை நான் எப்படிப் பாப்பேன்?

— ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? உக்காரு கண்ணு, உக்காரு. நீ எதுக்கு எழுந்திரிக்கிற? தூங்கிட்டாரு. ஊசி போட்டிருக்காங்க.

— அம்மா, நான்... என்னை மன்னிச்சிடுங்கம்மா. நான்தான் அவசரப்பட்டு...

— சும்மா இரு கண்ணு, நீ என்ன பண்ணுவ? இந்தா, இதை முதல்ல பிடி. கழுத்துலேர்ந்து கழட்டிட்டாங்க. "பிள்ளைங்க சாமான், பத்திரமாத் திருப்பிக் குடுத்துடு"ன்னு கண்ணை மூடுற வரைக்கும் அதே பேச்சு. ஈரம் பட்டிருக்கும், துடைச்சுத்தான் வெச்சிருக்கேன். கெட்டுப் போயிருந்தா என்ன ஆகுதோ சொல்லுங்க, குடுத்துடுறோம்.

— ஐயோ, அம்மா!

— அவருக்கு ஒரே வெக்கமா இருக்கு கண்ணு. உங்க முகத்தைப் பாக்கவே கூசுதாம். "பொண்ணு ராத்திரி பகலாக் கண்ணு முழிச்சுச் செஞ்ச சாமான், எனக்கு ஒழுங்கா அழுத்தத் தெரியல"ன்னு சொல்றாரு. ஈரக் கை, வழுக்கியிருக்கும்னு. நான் எங்கயோ தப்பா அழுத்திட்டேன்னு.

— தப்பு அவர் மேல இல்லம்மா. அது வேலை செய்யல. நான் குடுத்தது அரைகுறை.

— யாருக்குத் தெரியும்? திரும்பத் திரும்ப அழுத்தினாராம். அழுத்துறப்பல்லாம் அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சுச்சாம். "வந்துடுவாங்க, வந்துடுவாங்க"ன்னு படிக்கட்டுல சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்திருக்காரு.

— விளக்கு எரிஞ்சுச்சா? அக்கா, விளக்கு எரிஞ்சா மணி அடிச்சிடுச்சுன்னுதானே அர்த்தம்?

— நான்கூடக் கோவத்துல கேட்டேன் கண்ணு. "பக்கத்துலதான் அத்தனை வீடு இருக்கே, ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா"ன்னு. பதிலே சொல்லல. அப்புறம் தலையைத் திருப்பிக்கிட்டு மெதுவாச் சொல்றாரு, "உடம்புல ஒட்டுத் துணியில்லாமக் கிடக்கிறேன், கூப்பிட்டா ஊரே வந்து பாக்கும். பொத்தானை அழுத்தினா அந்தப் பிள்ளைங்க மட்டும்தானே வரும். அதுங்க நம்ம பிள்ளைங்க மாதிரி"ன்னு.

— அம்மா, போதும்மா.

— அட, நீ ஏன் அழுற? உன்கிட்ட யாரு என்ன சொன்னா? சாமான்னா முதல்ல அப்படி இப்படித்தான் இருக்கும். அதைச் சரி பண்ணிக்கலாம். கண்ணு, உன் அக்காவுக்குத் தண்ணி கொண்டு வரட்டா?

— வேணாம்மா. நீங்க உள்ள போய் மாஸ்டர் கண்ணு முழிச்சதும் ஒண்ணு சொல்லணும். அவர் தப்பா அழுத்தல. சரியாத்தான் அழுத்தினாரு.

— அக்கா, என்ன சொல்ற?

— பொத்தான்ல ஒரு குறையும் இல்லடா. மணி அடிச்சுது. மேசை மேல, என் கைக்குப் பக்கத்துலயே அடிச்சுது. வேலையைக் கெடுக்குதுன்னு, எந்தப் பொத்தான்னுகூடத் திரும்பிப் பாக்காம, அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான்தான் அணைச்சேன்.